கடைசி பெஞ்ச் மிஸ்

ஏழாம் வகுப்பு சி பிரிவில் அவ்வளவு அமைதி இருந்ததுதான் அவளுக்கு முதலில் பிடிக்கவில்லை. புதன்கிழமை, மூன்றாம் பீரியட். வழக்கமாகப் பாதிப் படிக்கட்டு ஏறும்போதே அந்த வகுப்பின் சத்தம் இறங்கி வந்து வரவேற்கும். பெஞ்சு நகரும் சத்தம், டப்பா விழும் சத்தம், எவனோ எவளையோ காட்டிக்கொடுக்கும் சத்தம், அத்தனைக்கும் மேலே ஏறி நிற்கப் பார்த்து முடியாமல் கம்மிப்போகும் ஒரு பெண்குரல். இன்றைக்கு அது ஒன்றுமே இல்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். கரும்பலகைக்கு முன்னால் தலைமையாசிரியை நின்றிருந்தார். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் நோட்டில் தலையைக் கவிழ்த்து, பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். குண்டூசி போட்டால் கேட்கும்.

தலைமையாசிரியை அவளைப் பார்த்ததும் முகம் மலர வெளியே வந்தார். ஒட்டடை அடித்து முடித்த வீட்டை விருந்தாளிக்குக் காட்டுகிறவரின் பெருமை அந்த முகத்தில் இருந்தது.

"வாங்க மேடம், வாங்க. இப்பப் பாருங்க, எப்படி இருக்கு?"

"சயின்ஸ் டீச்சர் லீவா மேடம்?"

"லீவெல்லாம் இல்ல. கீழ லைப்ரரில புத்தகத்துக்கு நம்பர் ஒட்டிட்டு இருக்காங்க. திங்கக்கிழமையிலேருந்து இந்த வகுப்ப நானே எடுத்துட்டு இருக்கேன்." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்க அன்னிக்குச் சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்கே உறைச்சுது. கால் நடுங்க நடுங்க ஒரு பொண்ண வகுப்புக்கு அனுப்பறது பாவம் இல்லையா?"

நீங்க அன்னிக்குச் சொன்னதுக்கு அப்புறம். எழுதுவதற்கென்று கையில் வைத்திருந்த தாளை அவள் மடித்து, மறுபடி மடித்து, இனி மடிக்க முடியாது என்கிற அளவுக்குச் சின்னதாக்கிப் பைக்குள் போட்டாள்.

அவளுடைய வேலையை ஒரு வாக்கியத்தில் சொன்னால் யாருக்கும் விளங்காது. சொந்தக்காரர்கள் அவளை இன்ஸ்பெக்டர் என்று நினைத்தார்கள். ஆசிரியர்களும் முதல் நாள் அப்படித்தான் நினைத்து, அதுவரை திறக்காத பாடக்குறிப்பு நோட்டைத் தூசி தட்டிக்கொண்டு வருவார்கள். உண்மையில் அவள் யாரையும் சோதிக்க வருவதில்லை. வகுப்பு நடத்தத் திண்டாடுகிற ஆசிரியர் இருந்தால், அந்த வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்காருவாள். நாற்பது நிமிடம் பார்ப்பாள். எந்த நேரத்தில் பிள்ளைகள் கவனித்தார்கள், எந்த நேரத்தில் நழுவினார்கள், ஆசிரியரின் கண் எந்தப் பக்கமே போகவில்லை என்று ஒரே ஒரு தாளில் குறிப்பாள். பீரியட் முடிந்ததும் ஆசிரியரோடு பத்து நிமிடம் பேசிவிட்டு, அந்தத் தாளை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போவாள். அதற்கு நகல் கிடையாது. தலைமையாசிரியர் கேட்டாலும் காட்டக்கூடாது, மேலதிகாரி கேட்டாலும் வாய் திறக்கக்கூடாது. வகுப்பறையில் பார்த்ததும் கேட்டதும் அந்த ஆசிரியருக்கே சொந்தம். இந்த ஒரு விதியில்தான் வேலையின் உயிரே இருந்தது. ஒன்பது வருடமாக அதைக் கற்பூரத்தைக் காப்பது போலக் காத்துவந்தாள். போன புதன்கிழமை மட்டும் காக்கவில்லை.

அதற்கு முன்னால் இருபத்தொரு வருடம் அவளும் கணக்கு டீச்சராக இருந்தவள்தான். அவளுக்கென்று ஒரு மேசை இருந்தது, அதில் ஒரு இழுப்பறை, அதற்குப் பூட்டு. இப்போது பதினோரு பள்ளிக்கூடம், ஒன்றில்கூட ஒரு நாற்காலி கிடையாது. ஆசிரியர் அறைக்குள் அவள் நுழைந்தால் பேச்சு சட்டென்று வானிலைக்குத் தாவும். யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். எழுந்தவர் எங்கே உட்காருவார் என்று அவளுக்குத் தவிப்பாக இருக்கும். அதனால் மதியச் சாப்பாட்டை நூலக மூலையிலோ, சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னாலோ, பேருந்து நிறுத்தத்திலோ முடித்துக்கொள்வாள். வாசலில் இருக்கும் வருகையாளர் நோட்டில் ஒன்பது வருடமாகக் கையெழுத்துப் போடுகிறாள். வந்த நேரம், போன நேரம், வந்த காரணம். காரணம் என்ற இடத்தில் ஆரம்பத்தில் நீளமாக எழுதினாள், அப்புறம் சுருக்கினாள், இப்போது ஒரு கோடு இழுத்துவிடுகிறாள். காவலாளி அதைக் கண்டுகொள்வதில்லை. பிள்ளைகள்தான் அவளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். கடைசி பெஞ்ச் மிஸ். அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பட்டப்பெயராவது இருக்கிறதே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

வீட்டிலும் அதே கதைதான். கணவர் போய் ஆறு வருடம். மகனுக்கு வேறு ஊரில் வேலை. "சாப்பிட்டியா கண்ணா" என்று எழுதி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வரும். சாப்பிட்டான் என்று எடுத்துக்கொள்வாள். சில நாள் காலையில் பேருந்து நடத்துநரிடம் ஊர்ப் பெயர் சொன்னதுதான் அன்றைய முதல் பேச்சாக இருக்கும். தொண்டை கட்டியது போலக் குரல் வரும். கனைத்துக்கொண்டு மறுபடி சொல்வாள்.

அறிவியல் டீச்சர் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். வயது இருபத்தாறோ இருபத்தேழோ. இன்னும் ஐந்து மாதத்தில் அவளை நிரந்தரமாக்கலாமா வேண்டாமா என்று தலைமையாசிரியை எழுதி அனுப்ப வேண்டும். முதல் மூன்று புதன்கிழமை அந்தப் பெண் அவளிடம் வாயே திறக்கவில்லை. "சரிங்க மேடம்", "முயற்சி பண்றேன் மேடம்" என்று தாளை வாங்கிக்கொண்டு நழுவிவிடுவாள். நாலாவது வாரம் ஆய்வுக்கூடத்தின் பின்னால் பாட்டில்களும் உடைந்த தராசும் கிடக்கிற சின்ன அறையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, கேட்காமலே சொன்னாள்.

"ரெண்டாவது பீரியட் முடியற மணி அடிச்சதும் நான் இங்கதான் வருவேன். கதவச் சாத்திட்டு இந்த அலமாரியப் பிடிச்சுக்குவேன். கால் நடுக்கம் நிக்கற வரைக்கும். சில நாள் நிக்காது, அப்படியே மாடிக்குப் போயிடுவேன். இத யார்கிட்டயும் சொன்னதில்ல அக்கா."

மேடம் போய் அக்கா வந்ததை அந்தப் பெண் கவனித்தாளோ என்னவோ, இவள் கவனித்தாள். அன்று பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த ஒரு சொல்லை வாயில் போட்ட மிட்டாய் மாதிரி கரையவிட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

அதன்பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். கத்தாதே, சத்தம் அடங்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நில். குரலை உயர்த்தாதே, தாழ்த்து. மேசைக்குப் பின்னால் ஒளியாதே, பெஞ்சுகளுக்கு நடுவே நட. நாலு நாலு பேராகப் பேசவிடு. தான் படித்ததையும் பட்டதையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். சத்தம் முழுதாக அடங்கவில்லைதான். ஆனால் அந்தப் பெண்ணின் தோள் கொஞ்சம் இறங்கியது. ஒருநாள் பாடத்தின் நடுவில் பிள்ளைகள் சொன்ன எதற்கோ அவளும் சிரித்துவிட்டாள். தாளில் இவள் அதைக் குறித்துக் கொடுத்தாள்: பத்து நாற்பதுக்கு நீ சிரித்தாய்.

பிறகு போன புதன்கிழமை வந்தது. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டதால் பேருந்துக்குப் போக முடியாமல் வாசலில் நின்றவளைத் தலைமையாசிரியை உள்ளே கூப்பிட்டார். "நனையாதீங்க, வாங்க, டீ சாப்பிடலாம்." அவரும் தனிக்கட்டை. இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. டீ வந்தது, பிஸ்கட் வந்தது, மழை விடவில்லை. பேச்சுவாக்கில் அவர் சொன்னார், "நான் ஸ்டாஃப் ரூமுக்குள்ள போனா எல்லாரும் சிரிப்ப நிறுத்திடறாங்க மேடம். இருபது வருஷம் அங்கயே உக்காந்து சிரிச்சவ நானு. இப்ப வாசல் வரைக்கும் போயிட்டு, சிரிப்புச் சத்தம் கேட்டா திரும்பி வந்துடறேன்." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது. ஒருத்தர் மனதைத் திறந்து ஒன்றை எடுத்து வைத்தால், பதிலுக்கு நாமும் ஏதாவது வைக்க வேண்டாமா? வைப்பதற்குத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று தேடினாள். கட்டைவிரல் அனுப்பும் மகனைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது. தன்னுடையது கிடைக்கவில்லை. இன்னொருத்தியுடையது கைக்கு வந்தது. "அந்த சயின்ஸ் பொண்ணும் பாவம்தான் மேடம், வகுப்புக்குப் போறதுக்கு முன்னாடி கால் நடுங்கி, அலமாரியப் பிடிச்சுட்டு நிக்கறா" என்று ஆரம்பித்து, கதவு சாத்தியது வரை ஒன்று விடாமல் உளறிக்கொட்டிவிட்டாள். இரண்டு பேரும் உச்சுக் கொட்டினார்கள். அவ்வளவு இதமான மாலைப்பொழுது அவளுக்குக் கிடைத்துப் பல வருடம் ஆகியிருந்தது.

நூலகம் தரைத்தளத்தில் இருந்தது. அறிவியல் டீச்சர் ஒரு குவியல் புத்தகத்துக்கு நடுவில் உட்கார்ந்து, முதுகில் எண் எழுதிய காகிதத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை நகர்த்தினாள்.

"உக்காருங்க மேடம்."

அந்த மேடத்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். வரும் வழியில் நாலைந்து வாக்கியம் தயார் செய்திருந்தாள், ஒன்றும் நாக்கில் நிற்கவில்லை.

"நான் வேணும்னு சொல்லலம்மா. உனக்கு உதவியா இருக்கும்னு..."

"தெரியும் மேடம். நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பீங்க." அந்தப் பெண் பசை காயும் வரை காகிதத்தை விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். "அவங்களும் என்னைத் திட்டல. கூப்பிட்டு உக்கார வெச்சு, தண்ணி குடுத்து, கால் நடுங்குதாமே, டாக்டர்கிட்டக் காட்டினியாம்மான்னு கேட்டாங்க. ரொம்ப அன்பாத்தான் கேட்டாங்க. அப்ப ஆபீஸ் அக்கா அங்க நின்னுட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் ஸ்டாஃப் ரூமுக்குள்ள நான் போனா ஆளுக்கு ஒரு நாற்காலிய இழுத்துப் போடறாங்க."

கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். அந்தப் பெண் கோபத்தைக்கூட அவளுக்குக் கொடுக்கவில்லை.

"எங்க அம்மாகிட்டகூட நான் சொல்லல மேடம்," என்றாள் கடைசியில். அடுத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் பீரியட் முடிந்த மணி அடித்ததும் அவள் நேராகத் தலைமையாசிரியையின் அறைக்குப் போனாள். வகுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். தான் அதைச் சொல்லியிருக்கவே கூடாது, விதியை மீறிவிட்டேன், தப்பு என்னுடையது என்றாள். தலைமையாசிரியைக்கு முகம் சுண்டிப்போனது.

"நான் என்ன கெடுதலா பண்ணிட்டேன்? ஒரு பொண்ணோட கஷ்டத்தக் குறைச்சேன். நீங்க சொல்லப் போய்த்தானே எனக்கே தெரிஞ்சுது? இப்ப நீங்களே மாத்திப் பேசறீங்க."

"வகுப்ப எடுத்துட்டா அவ அப்படியே உடைஞ்சு போயிடுவா மேடம். இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா..."

"நாற்பத்திரண்டு பேரோட பெத்தவங்களுக்கு நான் பதில் சொல்லணும். கொஞ்சம் கொஞ்சமான்னு அவங்ககிட்ட சொல்ல முடியாது." அவர் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். அடுக்கி முடித்தபோது கொஞ்சம் இறங்கி வந்திருந்தார். "சரி, ஒண்ணு பண்ணலாம். அடுத்த புதன் நீங்களே அந்த வகுப்ப எடுங்க. வெப்பம் பாடம். அவங்க உங்க இடத்துல, கடைசி பெஞ்சுல உக்காந்து பாக்கட்டும். நானும் வரேன். அந்த வகுப்ப அதட்டாம அடக்க முடியும்னு எனக்குக் காட்டுங்க. பாத்துக் கத்துக்குவாங்கன்னு எனக்கு நம்பிக்கை வந்தா, மறுநாளே திருப்பிக் குடுத்துடறேன். இல்லன்னா ஃபைல்ல எழுத வேண்டியத எழுதிடுவேன். எனக்கு வேற வழி இல்ல."

அவள் சரி என்றாள். சொன்ன பிறகுதான், தான் ஒரு வகுப்பின் முன்னால் நின்று ஒன்பது வருடம் ஆகிறது என்பது நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் பாடம் நடத்திப் பார்த்தாள். இருந்த நாலு நாற்காலியையும் வரிசையாகப் போட்டு, ஒரு கையில் எவர்சில்வர் கரண்டியும் இன்னொரு கையில் மரக்கரண்டியுமாக நின்று, "எது சீக்கிரம் சுடும்? சொல்லுங்க பாக்கலாம்" என்று கேட்டாள். நாற்காலிகள் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்தன. நடுவில் மகன் கூப்பிட்டான். அவனாகக் கூப்பிட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது.

"என்னம்மா, மூச்சு வாங்குது? யாரோட பேசிட்டு இருக்க?"

"வகுப்பு எடுத்துட்டு இருக்கேன்டா."

"வீட்லயா? யாருக்கு?"

"ஏழு சி-க்கு."

அவன் சிரித்தான். "சரிம்மா, நீ எடு. நான் அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டான். இரு, சொல்றேன் என்று அவள் சொல்ல வாயெடுத்ததற்கும் இணைப்பு போனதற்கும் சரியாக இருந்தது. கரண்டிகளைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டு, நாற்காலிகளை அவற்றின் இடத்தில் போட்டாள்.

புதன்கிழமை மூன்றாம் பீரியடில் தலைமையாசிரியை கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அறிவியல் டீச்சர் கடைசி பெஞ்சில், இவள் எப்போதும் உட்காரும் இடத்தில், ஒரு தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள். முதல் ஐந்து நிமிடம் பிரமாதமாகப் போயிற்று. கரண்டிகள் வெந்நீரில் நின்றன, பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள், அவளுக்கே தன் குரல் நன்றாக இருப்பது போலத் தோன்றியது. ஆனால் பிள்ளைகளின் கண் கரண்டிமேல் இல்லை, கதவோர நாற்காலிமேல் இருந்தது. அப்போது பார்த்து ஆபீஸ் அக்கா வந்து யாரோ பெற்றோர் காத்திருப்பதாகச் சொல்ல, தலைமையாசிரியை எழுந்து போனார். அவருடைய செருப்புச் சத்தம் படிக்கட்டில் இறங்கியதுதான் தாமதம், ஏழு சி தன் சுயரூபத்துக்கு வந்தது.

அவள் பதறவில்லை. பேச்சை நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல் நின்றாள். இது எப்போதும் பலிக்கும் வித்தை. முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் உதவியாகச் சொன்னாள், "சத்தம் நிக்கற வரைக்கும் மிஸ் பேச மாட்டாங்க. நம்ம டீச்சர் செஞ்சாங்கல்ல, அதான் இது." பின்னாலிருந்து ஒருவன், "எங்க டீச்சர் ஆறு நிமிஷம் நின்னாங்க மிஸ்!" என்று சாதனையை அறிவித்தான். அவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள். "கேக்கல மிஸ், சத்தமா!" என்று மூன்று வரிசை ஒன்றாகக் கத்தியது. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். அவள் கடக்கும் பெஞ்சு மட்டும் அடங்கி, கடந்ததும் எழுந்தது. நாலு நாலு பேராகப் பேசச் சொன்னபோது, யார் யாரோடு என்று ஆரம்பித்த சண்டையில் ஒரு தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தது. தான் கொடுத்த மருந்து முழுவதையும் அந்தப் பெண் ஒரு சொட்டு விடாமல் இந்த வகுப்பில் செலவழித்திருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. பையில் இனி ஒன்றும் இல்லை. காதுக்குள் கும்மென்றது. இடது முழங்காலில் ஒரு நடுக்கம் ஆரம்பித்து, கீழே இறங்கி, வலது காலுக்கும் போனது. பிடித்துக்கொள்ள அருகில் எதுவும் இல்லை.

"மிஸ், ஒரு டவுட்டு." இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் எழுந்து நின்றாள். "கம்பளி போத்தினா ஏன் சூடாகுது?"

கேள்வி என்று ஒன்று வந்ததே என்ற ஆறுதலில், பாதிக் காதில் வாங்கிக்கொண்டே அவள் சொன்னாள். "கம்பளி நமக்குச் சூடு குடுக்கும். அதனாலதான்."

ஒரு கணம் சத்தம் குறைந்தது. அவள் இவ்வளவு நேரம் பாடுபட்டும் வராத அமைதி, அவள் செய்த தப்புக்கு வந்தது.

"குடுக்காது மிஸ்," என்றாள் அந்தப் பெண்.

"குடுக்காது, குடுக்காது!" என்று நாலா பக்கமும் கை உயர்ந்தது. "நம்ம சூட்டத்தான் வெளிய விடாது மிஸ்!" "எங்க டீச்சர் ஐஸ் கட்டியக் கம்பளில சுத்தி வெச்சாங்க. சும்மா வெச்ச ஐஸ் கரைஞ்சு போச்சு, கம்பளில இருந்தது அப்படியே இருந்துச்சு!" "கம்பளி சூடு குடுத்தா அதுதானே மிஸ் முதல்ல கரையணும்?"

அந்த ஐஸ் கட்டி அவளுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அவள் இங்கேதான் இருந்தாள். கம்பளியைப் பிரித்தபோது வகுப்பு முழுதும் பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்தியது. அவள் தாளில், பத்தே கால் முதல் பத்தரை வரை வகுப்பு கட்டுப்பாட்டில் இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். அறிவியல் டீச்சர் "சரிங்க மேடம்" என்று வாங்கிக்கொண்டாள். சத்தத்தைக் குறித்தவள் ஐஸைப் பார்க்கவில்லை. ஒரு பிள்ளைகூட மறக்காத பாடத்தை, நடத்தியவளுக்கே குறையென்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். மழையன்று உளறியதைவிட இது பெரிய தப்பு என்று அவளுக்குப் பட்டது.

கதவோரம் நிழல் தட்டியது. தலைமையாசிரியை திரும்பி வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. கவிழ்ந்த பாட்டிலையும், ஓடியிருந்த தண்ணீரையும், உயர்ந்து நின்ற கைகளையும் பார்த்தார். உலகத்தில் எல்லா ஆசிரியருக்கும் தெரிந்த ஒரு தப்பிக்கும் வழி அவளுக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே, "நீங்க கவனிக்கறீங்களான்னு சும்மா சோதிச்சுப் பாத்தேன்" என்று சொன்னால் போதும். பிள்ளைகள் பாதி நம்புவார்கள், தலைமையாசிரியை முழுதாக நம்ப விரும்புவார். மழை பெய்தால் கூப்பிட்டு டீ கொடுக்க இந்த உலகத்தில் அவளுக்கு இருப்பது அவர் ஒருவர்தான். அந்த டீயை அவள் நினைத்துக்கொண்டாள். வாக்கியம் நாக்கின் நுனிக்கு வந்தும்விட்டது.

"நான் சொன்னது தப்பு," என்றாள். குரல் காலைப் பேருந்தில் வருவது போலக் கட்டிக்கொண்டு வந்தது. கனைத்துக்கொண்டாள். "உங்க டீச்சர் சொல்லிக் குடுத்ததுதான் சரி. இந்த வகுப்ப எப்படி நடத்தறதுன்னு எனக்குத் தெரியல. அவங்களுக்குத்தான் தெரியும்."

கதவுப் பக்கம், "மேடம்..." என்று ஒரு குரல் எழுந்தது. எச்சரிக்கையா வருத்தமா என்று பிரிக்க முடியவில்லை. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் மனம் மாறிவிடும் என்று பயமாக இருந்தது. சாக்பீஸைக் கடைசி பெஞ்சை நோக்கி நீட்டினாள்.

"வாம்மா. நீ வந்து சொல்லு."

நாற்பத்திரண்டு தலைகளும் பின்பக்கம் திரும்பின. அறிவியல் டீச்சர் தாளின்மேல் குனிந்திருந்தாள். பேனா நின்றிருந்தது. முகம் தெரியவில்லை, தலையின் வகிடு மட்டும் தெரிந்தது. கரும்பலகைக்கும் கடைசி பெஞ்சுக்கும் இவ்வளவு தூரம் இருக்கும் என்று அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை வருடத்தில் அவளுக்குத் தோன்றியதில்லை. பிள்ளைகள் தங்கள் டீச்சரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஓரத்துப் பெஞ்சில் இருந்தவர்கள், யாரும் சொல்லாமலே, நடைபாதையில் கிடந்த பைகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அவள் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. தோளில் வலி தொடங்கி முழங்கை வரை வந்தது. அவள் கையை இறக்கவில்லை.